செந்தூரமும் துருவும்: மட்டாஞ்சேரியில் ஒரு பிரேக் காலிப்பர்

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையை ஒட்டிய சந்துகளில், மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காணக்கூடிய காட்சி இது. வீட்டு வாசலில் கார் ஒன்று ஜாக்கியின் மேல் ஒரு பக்கமாகத் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். சக்கரம் கழற்றிக் கிடத்தப்பட்டிருக்கும். அதற்குள் இதுவரை ஒளிந்திருந்த இரும்புத் துண்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, காகித நாடாவால் சில இடங்களை மறைத்து, இளைஞர் ஒருவர் சிவப்பு வண்ணம் பூசிக்கொண்டிருப்பார். அந்த இரும்புத் துண்டுதான் பிரேக் காலிப்பர். பந்தயக் கார்களைப் பார்த்து வந்த மோகம் என்று இப்பழக்கத்தைப் பெரியவர்கள் ஒதுக்கிவிடுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மையே. உப்புநீர் சூழ்ந்த இத்துறைமுகத்தில் இரும்புக்கு மேல் எதையேனும் பூசிவைக்க வேண்டிய தேவை, காருக்கும் பந்தயத்துக்கும் மிக முந்தியது. அத்தேவை எந்தப் பொருட்களைக் கைக்குக் கொண்டுவந்ததோ, அவற்றின் நன்மையும் நஞ்சும் இன்று அந்த வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்திருக்கின்றன.

முதலில் பெயரிலிருந்து தொடங்கலாம். சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் கருவிக்குக் காலிப்பர் என்ற பெயர், அளவெடுக்கும் கவைக்கருவியின் பெயரிலிருந்து வந்தது. அச்சொல் ‘காலிபர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் கிளை. பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலமாக வார்ப்பு அச்சைக் குறிக்கும் ‘காலிப்’ என்னும் அரபுச் சொல்லைக் காட்டுவர். அதற்கும் பின்னே சென்றால், செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் மரக்கால் அச்சைக் குறித்த கிரேக்கச் சொல்லில் அது முடிகிறது என்பது சொற்பிறப்பியலாளர் பலரின் கருத்து. இதில் ஒரு வேடிக்கை உண்டு. காலிப்பர் வருவதற்கு முன் வண்டிகளை நிறுத்தியது பிரேக் ஷூ, அதாவது செருப்பு. செருப்பின் இடத்தைச் செருப்பு அச்சின் பெயர் கைப்பற்றியிருக்கிறது.

ஷூ என்பது வெறும் உருவகமும் அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைச்சரிவுகளில் குதிரைவண்டிக்காரர்கள் தம் மரப் பிரேக் கட்டைகளில் பழைய பூட்சுகளை ஆணியடித்து மாட்டி வண்டியை நிறுத்தினர் என்பதும், அதைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவருக்குப் பிரேக் உறை செய்யும் எண்ணம் பிறந்தது என்பதும் அவர் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம் சொல்லும் கதை. தமிழகத்திலோ ஓடும் பெருஞ்சக்கரத்தை நிறுத்தும் கலைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். தேர்ச்சக்கரத்தின் அடியில் சரியான கணத்தில் கட்டையைச் செருகுவோரின் கை நுட்பத்தை நம்பித்தான் நூற்றாண்டுகளாகத் தேர்கள் வீதி திரும்பின. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பின்பும் முட்டுக்கட்டையின் வேலை முடிந்துவிடவில்லை. கட்டையாயினும் காலிப்பராயினும் அடிப்படை ஒன்றே: ஓட்டத்தை உராய்வாலும் வெப்பத்தாலும் தின்று தீர்ப்பது. அந்த உராயும் முகத்தில் வண்ணம் ஒரு துளியும் படக்கூடாது. இதைப் பின்னர்ப் பார்க்கலாம்.

இனி உப்பு. மட்டாஞ்சேரி உப்பங்கழியின் கரையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். மழை இல்லாத மாதங்களில் கழிநீர் உவர்க்கும். கடல் ஏறும் நாட்களில் தாழ்ந்த தெருக்களின் முற்றங்களில் உப்புநீர் வந்து நின்று வடியும். அந்த உவர்நீரை இங்குள்ள மலையாளிகள் ‘ஓர்’ என்பர். இது தமிழின் ‘உவர்’ என்னும் சொல்லேதான். நடுவில் உள்ள வகரம் தேய்ந்து உயிர் நீண்டிருக்கிறது. துருவுக்கு அவர்களின் சொல் ‘துரும்பு’. தமிழில் துரும்பு என்றால் உலர்ந்த சிறு குச்சி. துரு என்றால் இரும்பின் நோய். செம்பில் பிடிக்கும் பச்சை நோய்க்குத் தமிழில் தனிப்பெயரே உண்டு, களிம்பு என்று. உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைச் சைவ சித்தாந்திகள் உவமையாக்கினர், இரும்பின் துருவை அல்ல. களிம்பு செம்போடு ஒட்டிக்கொண்டு ஓரளவுக்கு அதைக் காக்கவும் செய்யும். துரு அவ்வாறன்று, உதிர்ந்து உதிர்ந்து அடுத்த படலத்தைத் திறந்துவிடும். காற்றில் உப்பு இருந்தால் அவ்வேலை பன்மடங்கு விரையும். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில்பாலத்தை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த நோய்க்கு மலபார்க் கரை கண்ட முதல் மருந்து, இரும்பையே தவிர்ப்பது. கெட்டுவள்ளம் என்னும் பெயரிலேயே அது தெரிகிறது. பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் கட்டி, தைத்து ஆக்கிய படகு அது. இந்துமாக்கடலின் தைத்த கலங்களைக் கண்டு இடைக்காலப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். சிலர் இகழ்ந்தும் இருக்கிறார்கள். ஆயினும் உப்புநீரில் ஆணி துருத்தால் பலகையும் போகும். கயிறு நைந்தால் கயிற்றை மட்டும் மாற்றினால் போதும். இரும்பு இல்லாவிட்டாலும் மரத்துக்குப் பூச்சு வேண்டும். அதற்கு மீனெண்ணெய் இருந்தது. மத்தி என்றும் சாளை என்றும் சொல்லப்படும் மீனைக் காய்ச்சி எடுத்த எண்ணெய் 19ஆம் நூற்றாண்டில் இக்கரையின் பெரிய ஏற்றுமதிச் சரக்குகளுள் ஒன்று. கொச்சியில் மருத்துவராக இருந்து, 1865இல் மலபார் மீன்களைப் பற்றி நூல் வெளியிட்ட பிரான்சிஸ் டே வாழ்ந்த காலம் அது.

மீனெண்ணெயோடு இன்னொரு பூச்சும் சேர்ந்தது. பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரம் முந்திரி. மலையாளத்தில் பறங்கிமாவு, கசுமாவு, தென்தமிழகத்தில் கொல்லாமரம். அதன் கொட்டையின் ஓட்டுக்குள் தேன்கூடு போன்ற அறைகளில் கரிய, அரிக்கும் தன்மையுள்ள எண்ணெய் ஒன்று இருக்கிறது. அதைக் காய்ச்சிப் பூசினால் மரத்தைப் பூச்சியும் நீரும் அண்டுவதில்லை. கெட்டுவள்ளங்களின் கருமை அந்த எண்ணெயின் கருமை. மீன்வலைகளுக்கும் அதை ஊட்டினர். இந்தக் கரிய எண்ணெயை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. காலிப்பரின் கதைக்குள் அது எவரும் எதிர்பாராத வழியில் மறுபடி நுழையும்.

இரும்பைத் தவிர்க்க முடியாத காலம் ஐரோப்பியக் கப்பல்களோடு வந்தது. பிரித்தானியக் கடற்படைக்காகக் கொச்சியில் தேக்கு மரத்தால் போர்க்கப்பல்கள் கட்டப்பட்டன. 1821இல் ‘அலிகேட்டர்’, 1822இல் ‘சமராங்’, அதே ஆண்டில் ‘டெர்மகன்ட்’ ஆகியவை இங்குதான் நீரில் இறங்கின. டெர்மகன்ட் பின்னர் ‘ஹெரால்ட்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. தேக்கை விரும்பியதற்கு அதன் வலிமை மட்டும் காரணமன்று. ஐரோப்பிய ஓக் மரத்தின் துவர்ப்பு அமிலம் அதில் அறைந்த இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசை ஆணியைக் காக்கும். மரமே ஆணிக்குப் பூச்சாக இருந்த காலம் அது எனலாம். மரம் போய் உடல் முழுதும் இரும்பான கப்பல்கள் வந்தபோது அந்தத் தயவும் போயிற்று. அவ்விடத்தை நிரப்பியது ஈயச்செந்தூரம்.

தமிழ்ச் சித்த மருத்துவத்தில் செந்தூரம் என்பது புடமிட்டுச் சிவந்த மருந்துப் பொடிகளின் பொதுப்பெயர். இரும்பைப் புடமிட்டால் அயச்செந்தூரம், சோகைக்குத் தருவது. ஈயத்திலிருந்து கிடைப்பது ஈயச்செந்தூரம். பார்வைக்கு இரண்டும் சிவப்பின் அண்ணன் தம்பி. வேதியியலில் வேறு குலம். ஈயச்செந்தூரத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து இரும்பின் மேல் பூசினால், ஈயமும் எண்ணெயும் கூடி ஒருவகைச் சோப்புப் படலமாகி இரும்போடு இறுகப் பற்றித் துருவைத் தடுக்கும். கப்பலின் அடிப்பகுதி, பாலம், நீர்த்தொட்டி, கிராதி என உலகெங்கும் இரும்பின் முதற்பூச்சாக அதுவே நெடுங்காலம் ஆண்டது. உரோமர் இதை மினியம் என்றனர். அதைக் கொண்டு ஏடுகளின் தலைப்பெழுத்துகளைச் சிவப்பாக எழுதும் வேலையிலிருந்துதான், சிறு ஓவியத்தைக் குறிக்கும் ‘மினியேச்சர்’ என்ற சொல் பிறந்தது. சிறுமைக்கும் அச்சொல்லுக்கும் தொடக்கத்தில் உறவே இல்லை. ஈயம் நஞ்சு என்பதும் உரோமர் காலந்தொட்டு அறியப்பட்டதே. அறிந்தும் பூசினார்கள், சுரண்டினார்கள், அந்தத் தூசியை உண்டார்கள்.

மற்றொரு சிவப்பு மட்டாஞ்சேரியிலேயே சுவரில் இருக்கிறது. போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கொச்சி அரசருக்குக் கட்டிக்கொடுத்ததும், 1663இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றதுமான மட்டாஞ்சேரி அரண்மனையின் உட்சுவர்களில் இராமாயணம் ஓவியமாக நிற்கிறது. கேரளச் சுவரோவிய மரபில் சிவப்பும் மஞ்சளும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் அரைத்து எடுக்கப்படுபவை. மலபாரின் அந்தச் செங்கல்லை, வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டால் இறுகுவதாகவும் உள்ள வெட்டுகல்லை, அங்காடிப்புறத்தில் கண்ட பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியான தம் பயணநூலில் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டு உலக நிலவியலுக்குத் தந்தார். அக்கல்லைச் சிவக்க வைப்பது இரும்பு ஆக்சைடு. துருவும் இரும்பு ஆக்சைடே, நீர் கலந்த வடிவில். பட்டறைகளில் இன்று முதற்பூச்சாக அடிக்கும் ‘ரெட் ஆக்சைடு’ம் அதுவே. ஆக இரும்பைத் தின்று முடித்தபின் எஞ்சும் பொருளையே எண்ணெயில் குழைத்து, இரும்பைக் காக்கும் பூச்சாக்கியிருக்கிறார்கள். மேலும் துருப்பதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை என்பதே அதன் வலிமை. அரண்மனைச் சுவரின் சிவப்பும், தெருவில் நிற்கும் லாரியின் அடிச்சட்டத்துச் சிவப்பும் ஒரே குடும்பம்.

பூச்சைக் குறிக்கும் சொற்களைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. ஈழத்தமிழில் பெயின்ட்டுக்குத் தீந்தை என்று பெயர். போர்ச்சுகீசிய ‘தின்தா’வின் திரிபு. சிங்களத்திலும் அச்சொல் உண்டு. போர்ச்சுகீசியர் ஒன்றரை நூற்றாண்டு கோட்டை கட்டி ஆண்ட கொச்சியிலோ அச்சொல் நிலைக்கவில்லை. இங்கு வழங்குவது சாயம் என்ற பழஞ்சொல். தமிழில் சாயம் துணிக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிவிட்டது. மலையாளத்தில் சுவருக்கும் படகுக்கும் அது செல்லும். கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் மட்டாஞ்சேரியில், இன்று கார்ப்பட்டறைக்குள் நுழைந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே மொழிதான்: பெயின்ட், தின்னர், பட்டி, டிங்கரிங்.

அந்தப் பட்டறைமொழி வந்த வழி துறைமுகத்தின் வழி. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கழிமுகத்தை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி உள்துறைமுகம் அமைத்தார். 1928ஆம் ஆண்டு மே 26 அன்று ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல் அதற்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணால் மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவு எழுந்தது. கிரேன், பாலம், தண்டவாளம், லாரி என இரும்பு கழியைச் சூழ்ந்துகொண்டது.

உலகச் சந்தையில் கார் வண்ணத்தின் வரலாறு திரும்பியதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். அதுவரை கார் உடலுக்குக் குதிரைவண்டி முறையில் எண்ணெய்ப் பூச்சும் வார்னிஷும் தூரிகையால் படலம் படலமாக இடுவர். உலர்ந்து முடிய வாரங்கள் ஆகும். ஃபோர்டின் மாடல் டி கார்கள் 1914 முதல் 1925 வரை கறுப்பாகவே வந்ததற்கு அவ்வண்ணத்தின் மலிவும் உழைப்பும் காரணங்கள் எனச் சொல்லப்படுகின்றன. 1923இல் டூபான்ட் நிறுவனம் நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையில் ‘டூக்கோ’ என்ற அரக்கை வெளியிட்டது. 1924ஆம் ஆண்டின் ஓக்லண்ட் கார்கள் அதைப் பூசிக்கொண்டு நீலமாக வந்தன. வாரங்கள் நாட்களாயின, தூரிகைக்குப் பதில் தெளிப்பான் வந்தது. டூபான்டை அறியாத நம் ஊர்த் தச்சுப்பட்டறையில் இன்றும் அலமாரிக்கு டூக்கோ அடிப்பார்கள். பெயர் பொருளைவிட நெடுநாள் வாழ்ந்த கதைகளில் இதுவும் ஒன்று. ‘பட்டி பார்ப்பது’ ஆங்கிலப் ‘புட்டி’யின் தமிழ்வாழ்வு, டிங்கரிங் என்பதோ ஊர் ஊராய்ச் சென்று பாத்திரம் ஒட்டும் கன்னாரைக் குறித்த ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்து, இந்தியாவில் ஒடுங்கிய காரைத் தட்டி நிமிர்த்தும் தொழிலுக்குப் பெயராயிற்று.

இத்தனை வண்ணமும் வெளியே தெரியும் உடலுக்கு மட்டுமே. பிரேக் அப்போது இரும்புப் பானைக்குள், அதாவது டிரம்முக்குள், மறைந்திருந்தது. அம்பாசடரிலும் பத்மினியிலும் பிரேக்குக்கு வண்ணம் பூசுவதை எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். காண்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

திறந்த வெளியில் கவ்விநிற்கும் பிரேக் பிறந்தது அதற்கும் முந்தி. பர்மிங்ஹாமின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகம் உலோகத்தைக் கவ்வியதால் அது காது கிழியக் கிரீச்சிட்டது. அக்குறையைத் தணிக்க ஏற்ற உறை ஃப்ரூடிடம் இருந்தது: கல்நார். தீப்பற்றாது, தேயாது, மலிவு. அடுத்த பல பத்தாண்டுகள் உலகின் பிரேக்குகள் கல்நாராலேயே கவ்வின. 1953இல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் லெ மான் பந்தயத்தை வென்றது. 1955இல் சித்ரோன் டிஎஸ் அதைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் பிரேக் தொழில் சென்னைப் பாடியில் ஊன்றியது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் கூடி 1962இல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. 1980களில் மாருதி 800ம் அதன் பின் வந்த சிறு கார்களும் முன்சக்கர டிஸ்க்கை நடுத்தரக் குடும்பங்களின் முற்றம் வரை கொண்டுவந்தன.

அந்தக் கரிய எண்ணெய் மறுபடி வருவது இங்கேதான். மார்ட்டிமர் ஹார்வி என்னும் அமெரிக்க வேதியியலாளர் முந்திரி ஓட்டு எண்ணெயை இறுகிய பிசினாக்கும் வழிகளுக்குப் பல காப்புரிமைகள் பெற்றார். அப்பிசினைப் பொடித்துப் பிரேக் உறையில் கலந்தால் வெப்பத்திலும் பிடி சீராக நிற்கும்; இரைச்சல் அடங்கும். லான்செஸ்டரைத் துரத்திய கிரீச்சலை அடக்குவதில் மலபாரின் படகுப்பூச்சுக்குப் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா அதைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட போர்ப்பொருளாக வைத்திருந்தது. கொல்லத்தின் முந்திரி ஆலைகள் வளர்ந்ததில் பருப்புக்கு உள்ள பெருமை எண்ணெய்க்குக் கிடைக்கவில்லை. ஆனால் பருப்பைவிட எண்ணெயை நன்கு அறிந்தவை அங்கே ஓடு உடைக்கும் பெண்களின் கைகள். அந்த எண்ணெய் தோலைச் சுடும், விரல்நுனிகளைக் கருக்கும்; சாம்பலையோ ஆமணக்கெண்ணெயையோ தடவிக்கொண்டு அவர்கள் வேலை செய்தார்கள். இன்றும் பிரேக் பட்டைகளில் முந்திரிப் பொடி இருக்கிறது. மட்டாஞ்சேரி இளைஞர் காகித நாடாவால் மறைத்துவைக்கும் அந்தப் பட்டையில் கொல்லத்துச் சரக்கு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

காலிப்பருக்கு நிறம் ஏன் வந்தது? சாதாரணக் கார்களின் காலிப்பர் வார்ப்பிரும்பு. மெல்லிய துத்தநாகப் படலம் இருந்தால் உண்டு. இல்லையேல் வெற்று இரும்பே ஆலையிலிருந்து வரும். இரும்புச் சக்கரமும் அதன் மேல் மூடியும் இருந்தவரை அதன் துரு எவர் கண்ணிலும் படவில்லை. அலாய் சக்கரம் வந்து ஆரங்கள் விரிந்ததும், புதுக்காரின் நடுவே துருத்த துண்டு ஒன்று தெரியலாயிற்று. கொச்சியின் காற்றில் அதற்கு ஒரு மழைக்காலமே போதும். மறுபுறம், விலையுயர்ந்த கார்களின் காலிப்பர் அலுமினியம். பெர்காமோ அருகே 1961இல் தொடங்கிய பிரெம்போ போன்ற ஆலைகள் அதற்கு வண்ணம் தந்தன. போர்ஷே நிறுவனத்தில் நிறம் ஒரு மொழியாகவே ஆயிற்று: எளிய வகைக்குக் கறுப்பு, வேகமான வகைக்குச் சிவப்பு, பீங்கான் தட்டு இருந்தால் மஞ்சள், மின்சாரமும் சேர்ந்த வகைக்கு அமிலப் பச்சை. அங்கே சிவப்பு என்றால் இன்ன திறன் என்று பொருள். மட்டாஞ்சேரிச் சிறுகாரில் அந்தப் பொருள் கழன்று குறி மட்டும் வந்திருக்கிறது. கடன்சொற்கள் பொருள் இழந்து ஒலியோடு மட்டும் வருவதைப் போல. ஆனால் இங்கே அந்தக் குறிக்கு வேறொரு வேலை காத்திருந்தது. அலுமினியக் காலிப்பருக்குப் பூச்சு பெரும்பாலும் அழகு. வார்ப்பிரும்புக் காலிப்பருக்கு அது மழைக்கோட்டு.

வீட்டில் அதைப் பூசும் முறை எளிதாகத் தோன்றும். சக்கரத்தைக் கழற்றி, காரை ஜாக்கியில் மட்டும் விடாமல் உறுதியான தாங்கியில் நிறுத்தி, துருவைச் சுரண்டி, எண்ணெய்ப்பசை நீக்கி, உயர்வெப்பம் தாங்கும் எனாமலை இரண்டு மூன்று மெல்லிய படலங்களாக இட வேண்டும். வீட்டுக் கதவுக்கு வாங்கிய எனாமலில் மீந்ததைப் பூசுவோரும் உண்டு. சமதளமான கொச்சியில் அது சில மாதம் தாங்கலாம். மூணாறு மலையிறக்கம் ஒன்று போதும் நிறம் மாறி உரிவதற்கு. இன்னொரு எதிரி பிரேக் எண்ணெய். டாட் 3, டாட் 4 வகை எண்ணெய் ஒரு துளி பட்டாலும் பெரும்பாலான வண்ணங்களைத் தோல்போல உரித்துவிடும். காலிப்பரின் மேலிருக்கும் காற்றுவிடும் திருகைச் சுற்றி முதலில் பூச்சு போவது இதனால்தான்.

பூச்சு போவதைவிடப் பூச்சு தங்கக்கூடாத இடத்தில் தங்குவது கேடு. காலிப்பர் இரு ஊசிகளின் மேல் வழுக்கி நகர வேண்டும். பட்டை தன் காடியில் தளர்வாக ஆட வேண்டும். பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் உறை நெகிழ்வாக இருக்க வேண்டும். இவ்விடங்களில் வண்ணம் படிந்தால் கவ்விய பிரேக் விடாது. வண்டி ஓடும்போதே பட்டை உரசிக்கொண்டிருக்கும், தட்டு பழுக்கும், எண்ணெய் கொதிக்கும். கொதித்த எண்ணெயில் மிதித்தால் பெடல் வெறுமனே கீழே போகும். சக்கரம் வந்து பொருந்தும் முகத்தில் பூசினாலும் ஆபத்து: வண்ணம் நசுங்கி நட்டின் இறுக்கம் தளரும். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது இன்னொரு பழைய பட்டறைப் பழக்கம். பிரேக்கின் ரப்பர் வளையங்கள் கனிம எண்ணெய்க்கு ஆனவை அல்ல, ஊறி உப்பிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து கம்பித் தூரிகையின் முனையில் இருக்கிறது. பழைய பிரேக் பட்டையின் தூசியில் கல்நார் இருக்கலாம். இந்தியாவில் பெரிய உற்பத்தியாளர்கள் கல்நார் இல்லாத பட்டைகளுக்கு மாறிவிட்டனர். ஆயினும் நாட்டில் கல்நார்ப் பயன்பாடு முற்றாகத் தடைசெய்யப்படவில்லை. 1995ஆம் ஆண்டு சனவரி 27 அன்று உச்சநீதிமன்றம், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் அவர்களின் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. தொழிற்சாலைக்குள் இருப்பவரை எண்ணி எழுதப்பட்ட தீர்ப்பு அது. காற்றுக்குழாயால் டிரம்மை ஊதிச் சுத்தம் செய்த சாலையோர மெக்கானிக்குகளின் நுரையீரல் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்க வாய்ப்பில்லை. ஞாயிறு காலையில் முகமூடியின்றித் தேய்க்கும் இளைஞருக்கு அப்படி ஒரு தீர்ப்பு இருப்பதும் தெரிந்திருக்காது.

ஈயத்தின் கதையும் இதற்கு இணையானது. வீட்டு வண்ணங்களிலும் அலங்கார வண்ணங்களிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்னும் 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. விதியின் பெயரிலேயே அதன் எல்லை இருக்கிறது. இரும்புக்கும் இயந்திரத்துக்குமான தொழிற்சாலை வண்ணங்கள் அந்த எல்லைக்கு வெளியே நிற்பவை. பட்டறைச் சிவப்பில் சேர்க்கப்படும் துத்தநாகக் குரோமேட்டும் துருவைச் சிறப்பாகத் தடுக்கும், புற்றுநோயையும் தரும். எனவே பழைய பூச்சைச் சுரண்டும்போது எழும் செந்தூசி அயச்செந்தூரத்தின் தம்பியா, ஈயச்செந்தூரத்தின் தம்பியா என்பதை நிறத்தைக் கொண்டு சொல்ல இயலாது. நனைத்துத் தேய்ப்பதும், தூசியைத் துணியால் ஒற்றி எடுப்பதும், வாய்க்குத் தகுந்த முகமூடி அணிவதும், அதே கையோடு தேநீர்க் கோப்பையைத் தொடாமல் இருப்பதுமே செய்யக்கூடியவை. கோலமிடும் வாசலில் வேலை நடந்தால், குழந்தைகள் தவழும் முன் அவ்விடத்தைக் கழுவிவிட வேண்டும் என்பதையும் சேர்க்கலாம்.

காரின் உடல்நிறம் பதிவுச் சான்றில் எழுதப்படும். காலிப்பரின் நிறத்தை எந்த அலுவலகமும் கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ இக்கலை வீட்டு வாசலிலேயே தங்கிவிட்டது. கொச்சியிலேயே ஆலையின் முறையும் உண்டு. 1981இல் ‘ராணி பத்மினி’யைக் கட்டி முடித்துத் தந்த கொச்சிக் கப்பல் கட்டும் தளம் மட்டாஞ்சேரியிலிருந்து கூப்பிடு தொலைவைவிடச் சற்றே அதிகம். ஒரு கப்பல் தகட்டை மணலூதி வெண்மையாக்கி, ஈரப்பதம் அளந்து, படலத்தின் தடிப்பைக் கருவியால் சோதித்துப் பூசும் தொழில் அது. சந்தில் அமர்ந்திருப்பவருக்கு ஈரப்பதம் அளக்கக் கருவி இல்லை. கழியிலிருந்து வரும் காற்றை முகத்தில் வாங்கிப் பார்த்து, இன்று பூசலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். வள்ளத்துக்குக் கரி எண்ணெய் பூசியவரும் அப்படித்தான் முடிவெடுத்திருப்பார்.

மாலையில் நாடாவை உரித்து, சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாகும் வரை பார்த்த பின்பே வண்டி தெருவுக்கு வரும். ஆரங்களுக்கு இடையே சிவப்பு பளிச்சிடும். அடுத்த ஓர் ஏறிய நாளில் முற்றத்தில் நிற்கும் நீர் சக்கரத்தின் பாதி வரை வந்து வடியும். சில வாரங்களில், தூரிகை எட்டாத பின்பக்க விளிம்பில், அரண்மனைச் சுவரின் செம்மையை ஒத்த மெல்லிய கோடு ஒன்று தோன்றும்.